நியூயோர்க்குக்குப் போகிற திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

போன மாதம் மட்டும் மூன்று பேர் உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். ஒருவருக்குப் படிப்பு, ஒருத்திக்குக் கல்யாணம், மற்றவர் அகதிக் கோரிக்கை போட்டிருக்கிற தமையனிடம் போகிறார். மூவரும் போவது நியூயோர்க்குக்கு. குளிருக்கு எந்தச் சட்டை வேண்டும், பெட்டியில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம், மிளகாய்த்தூளுக்கு விடுவார்களா என்றெல்லாம் கேட்டார்கள். இறங்கிய பிறகு யாரிடம் போவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் 14 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். முதல் மூன்று மாதம் அறைக்குள்ளேயே கிடந்ததுதான் அங்கே நான் விட்ட பெரிய பிழை. நீங்கள் அதை விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இப்போதே அங்கே போய் இறங்கியிருப்பவர்களும் வாசியுங்கள்.

முதல் சனிக்கிழமையே 7ஆம் இலக்க ரயிலில் ஏறிக் கடைசி நிலையமான ஃபிளஷிங்கில் இறங்குங்கள். வெளியே வந்தால் எங்கும் சீனக் கடைகளாக இருக்கும். தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து தெற்கே இருபது நிமிடம் அளவில் நடந்தால் பௌன் வீதியில் கோபுரம் தெரியும். அதுதான் மகாவல்லப கணபதி கோயில். ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்த அழகப்பா அழகப்பன் என்ற தமிழரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970இல் ஒரு சங்கம் அமைத்து, ரஷ்ய ஓர்தடொக்ஸ் தேவாலயம் இருந்த காணியை வாங்கிக் கட்டியது. கும்பாபிஷேகம் நடந்தது 1977 ஜூலை 4. 2022இல் அந்த வீதிப் பகுதிக்கு 'கணேஷ் கோயில் வீதி' என்று நகரமே இன்னொரு பெயரும் வைத்தது.

பௌன் என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த அதே ஒல்லாந்தர்தான் அந்தக் காலத்தில் நியூயோர்க்கையும் ஆண்டார்கள். தங்கள் சபையைத் தவிர வேறு எவரும் கூடிக் கும்பிடக்கூடாது என்று அங்கிருந்த ஆளுநர் தடை போட்டார். 1657இல் ஃபிளஷிங் ஊர்வாசிகள் முப்பது பேர் அது தவறென்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். பிறகு 1662இல் ஜோன் பௌன் என்பவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினரைத் தன் வீட்டில் கூட விட்டதற்காகப் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார். ஒல்லாந்துக்குப் போய் வாதாடி வென்று திரும்பினார். அவர் வீடு இன்னும் நிற்கிறது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த மனிதரின் பெயர் தாங்கிய வீதியில் பிள்ளையார் இருப்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

சரி, கோயிலுக்குப் போனால் என்ன செய்வது? கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாதீர்கள். கீழே நிலவறையில் சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. தோசைக்காகவே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். தட்டோடு போய் யாராவது இருக்கிற மேசையில் இருங்கள். அதைவிட நல்லது, ஏதாவது வேலை கேட்பது. பூக்கட்டத் தெரியும், மரக்கறி வெட்டுவேன், திருவிழா நாளில் வரிசையைப் பார்ப்பேன் என்று நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். எனக்கு முதல் வேலையும் நல்ல அறையும் கிடைத்தது பூக்கட்டிய இடத்தில்தான். பக்கத்தில் இருந்த அக்கா மூன்றாவது கிழமை, "எங்கே இருக்கிறாய், எவ்வளவு வாடகை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்க அந்த ஊரில் அதுவரை யாரும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எல்லோருக்கும் வேலை நாள். சனியும் ஞாயிறும்தான் ஆட்களைக் காணலாம். விநாயகர் சதுர்த்திக் காலத்தில் தேர் ஃபிளஷிங் வீதிகளைச் சுற்றி வரும்போது, சிவராத்திரி முடிந்து எங்கள் கோணேசர் நகர்வலம் வருகிற நினைவு வரும். அழுகை வந்தால் அழுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

அங்கே தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தமிழர். நாங்கள் 'கதைக்கிறோம்' என்றால் கதை சொல்கிறோம் என்று எடுப்பார்கள். 'அவர் என்னைப் பேசிப்போட்டார்' என்றால் ஏசினார் என்று விளங்காது. அதற்காக உங்கள் பேச்சை மாற்றாதீர்கள், இரண்டு மாதத்தில் பழகிவிடுவார்கள். நியூயோர்க் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் விழா வைக்கும். எங்கள் ஆட்களுக்கென்று 1977இல் தொடங்கிய இலங்கைத் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் பல இடங்களில் சிதறி இருப்பதால், அந்தச் சங்கத்தில் ஒருவரைத் தெரிந்துகொண்டால் பத்துப் பேரின் தொலைபேசி எண் கிடைக்கும். "ஏன் அங்கே இருக்கிறாய், ரொறன்ரோவுக்கு வா" என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பத்திரகாளி அம்மன் கோயிலடியில் வளர்ந்தவர்களுக்கு இனிச் சொல்லப்போவது முக்கியம். குயீன்ஸில் றிச்மண்ட் ஹில் என்ற பகுதி இருக்கிறது. அங்கே லிபர்ட்டி அவென்யூவில் கயானா, டிரினிடாட் நாடுகளிலிருந்து வந்தவர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். 1838க்கும் 1917க்கும் இடையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததியினர் அவர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றைக்கும் 'காளி மாய்' பூசை செய்கிறார்கள். வேப்பிலை, கரகம், உடுக்கு, தப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாரியம்மனுக்குப் பாடுகிற பாட்டில் தமிழ்ச் சொற்கள் வரும். பாடுகிறவருக்குத் தமிழில் பேசத் தெரியாது. முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டில் வந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஐந்து தலைமுறையாக ஒரு மொழியை விளங்காமலே காப்பாற்றி வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. நீங்கள் போனால் மரியாதையோடு போங்கள், 'இது சரியான முறையில்லை' என்று சொல்லிவிடாதீர்கள்.

அதே றிச்மண்ட் ஹில்லில் சீக்கியர்களின் பெரிய குருத்வாரா இருக்கிறது. தலையை மூடி, செருப்பைக் கழற்றி, தரையில் இருந்தால் சாப்பாடு தருவார்கள். யார், எந்த ஊர், என்ன சமயம் என்று கேட்கமாட்டார்கள், காசும் இல்லை. கையில் ஒன்றும் இல்லாத நாளில் வெட்கப்படாமல் போங்கள். இருக்கிற நாளில் போய்ப் பாத்திரம் கழுவுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் தேடுவது பெரிய வேலை இல்லை. குயீன்ஸிலேயே ஜமேக்கா என்ற பகுதியில் இருக்கிற முஸ்லிம் சென்டரில் பெரும்பாலும் வங்காளிகள்தான். மொழி வேறானாலும் ஜும்ஆ ஒன்றுதான், ஹலால் கடையும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு பெருநாளுக்கும் 2015இலிருந்து அரச பாடசாலைகளுக்கு விடுமுறை. தீபாவளிக்கு அது கிடைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கர்களுக்கு எந்தப் பகுதியிலும் பங்குக் கோயில் இருக்கிறது, ஆனால் தமிழ்ப் பூசை ஒவ்வொரு ஞாயிறும் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். வொஷிங்டன் பசிலிக்காவில் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். வருடத்தில் ஒருமுறை போய்வரலாம்.

சிவப்பரிசிக்கும் மாசிக் கருவாட்டுக்கும் மனம் ஏங்கினால் ஸ்டேட்டன் தீவுக்குப் போங்கள். மன்ஹாட்டன் தெற்கு முனையிலிருந்து கப்பல் இலவசம், 25 நிமிடம். இறங்கி விக்டரி வீதிப் பக்கம் நடந்தால் இலங்கைக் கடைகள். பெரும்பாலும் சிங்களவர்கள். போவதா வேண்டாமா என்று நான் ஒரு வருடம் யோசித்தேன். எங்கள் வீட்டில் நடந்தவை அப்படி. கடைசியில் போன அன்று கடைக்காரர், "எந்த ஊர்?" என்று சிங்களத்தில் கேட்டார். திருகோணமலை என்றேன். தன் தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர் என்றார். கடலைப் பற்றியும் கன்னியா வெந்நீரைப் பற்றியும் கொஞ்ச நேரம் கதைத்தோம். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பிறகு மாதம் ஒருமுறை போனேன். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் மனம் எப்போது விடுகிறதோ அப்போது போங்கள்.

இனி, கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம். கோயிலிலோ பள்ளிவாசலிலோ அறிமுகமான ஒருவர் 'குடிவரவுப் படிவம் நான் நிரப்பித் தருகிறேன்' என்றால் கொடுக்காதீர்கள். எங்கள் உறவுப் பெடியன் ஒருவன் அப்படி ஒருவரிடம் 900 டொலர் கொடுத்தான். படிவம் பிழையாகப் போய், அதைத் திருத்த இரண்டு வருடம் அலைந்தான். அவனோடு ஒவ்வொரு தவணைக்கும் நான்தான் போனேன். பதிவு பெற்ற சட்டத்தரணி, இல்லையென்றால் அரச அங்கீகாரம் உள்ள நிறுவனத்தின் பிரதிநிதி, இந்த இருவரிடம் மட்டும் போங்கள். அகதிக் கோரிக்கையை வந்திறங்கி ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், ஒரு சில விதிவிலக்குகள்தான் உண்டு. 'பார்த்துச் செய்யலாம்' என்று நாளைக் கடத்தாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 311க்கு அழையுங்கள். அது நகர நிர்வாகத்தின் எண், 175க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவுகிறார்கள்; தமிழ் என்று மொழியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நகர அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது குடிவரவு நிலையைக் கேட்கமாட்டார்கள், அதையும் எடுத்துவிடுங்கள். குயீன்ஸ் நூலகத்தில் ஆங்கில வகுப்பு இலவசம். ஃபிளஷிங்கில் தெற்காசியர்களுக்கான சமூக சேவை நிறுவனம் ஒன்று 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அரிசி பருப்பு கொடுப்பார்கள், மருத்துவக் காப்புறுதிப் படிவத்துக்கும் உதவுவார்கள்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க நல்ல நேரம், கோடைகாலத்தில் அங்கே இரவு 8 மணி. இங்கே விடிய 5.30, அம்மா எழும்பியிருப்பா. சாப்பிட்டாயா என்று கேட்டால் கோயிலில் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள், அவவுக்கு அது போதும். அப்புறம், பனிகாலத்தில் கோயிலுக்குப் போகும்போது இரண்டு சோடி காலுறை கொண்டுபோங்கள். நடந்து வரும்போது ஒரு சோடி நனைந்துவிடும், உள்ளே கருங்கல் தரை.