மடி ஒரு பாத்திரம் இல்லை: கறவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசுவின் மடியில் பால் எங்கே இருக்கிறது என்று கேட்டால், காம்புக்கு மேலே பை மாதிரி நிரம்பி நிற்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். கறவைக்கு முன் அப்படித் தேங்கி நிற்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதிப் பால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளிலும் அவற்றோடு சேர்ந்த மெல்லிய குழாய்களிலும் இருக்கிறது. ஒவ்வொரு நுண்ணறையையும் வலை போலச் சுற்றியிருக்கும் தசைச் செல்கள் இறுகிப் பிழிந்தால்தான் அது கீழே இறங்கும். மடியைப் பாத்திரமாக நினைப்பவர் செய்யும் தவறுகள் எல்லாம் இங்கிருந்தே கிளம்புகின்றன.

முதலில் அவசரம். காம்பைத் தொட்டதும் நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து தசைச் செல்களை இறுக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். உட்கார்ந்ததும் கறக்கத் தொடங்கினால் தேங்கியிருந்த பால் வரும், பிறகு காம்பு தொய்ந்து வெறுமனே இழுபடும். காம்பைத் துடைத்து, லேசாகத் தடவிக் கொடுத்துக் காத்திருந்து பாருங்கள். தொய்ந்திருந்த காம்பு கைக்குள்ளேயே தடித்து விம்முவது தெரியும். சுரப்பு விட்டாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். ஆக்சிடோசினின் வேகம் சில நிமிடங்களே நீடிக்கும். சுரப்பு விட்ட பிறகு எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வருவதும் தவறுதான்.

அடுத்தது மிரட்டல். நாய் பாய்ந்தாலோ, புது ஆள் வந்தாலோ, முதுகில் ஒரு அடி விழுந்தாலோ அட்ரினலின் சுரந்து ஆக்சிடோசினின் வேலையைக் கெடுத்துவிடும். ‘பாலை அடக்கிக்கிட்டது, திமிரு பிடிச்ச மாடு’ என்று இன்னொரு அடி போடுவார்கள். மாட்டுக்கு அதில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பயந்த உடம்பில் பால் இறங்காது, அவ்வளவுதான். இதற்கு மாற்றாகத் தினமும் ஆக்சிடோசின் ஊசி போட்டுப் பழக்குவது இன்னும் மோசம். ஊசி இல்லாமல் சுரப்பே விடாத நிலைக்கு மாடு வந்துவிடும்.

மிச்சம் விட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்துக் கறக்கலாம் என்ற கணக்கும் தப்பு. காலி செய்யாத மடி சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நான்கு காம்பில் ஒன்றை மட்டும் கறக்காமல் விட்டால் மடியின் அந்தப் பகுதியில் மட்டும் சுரப்பு குறையும். நான்குக்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். ஆக, நிறுத்தச் சொல்லும் செய்தி அந்தப் பகுதிக்குள்ளேயே பிறக்கிறது. நான்கு பகுதிகளும் தனித்தனிச் சுரப்பிகள். ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது.

இனி மடிநோய். வீங்கி, சிவந்து, சூடாகி, பால் திரிந்து வந்தால்தான் நோய் என்று காத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. வெளியே தெரியாத மடிநோய்தான் அதிகம். மடி மெத்தென்று இருக்கும், பால் வெள்ளையாகவே வரும், அளவு மட்டும் மெல்லக் குறையும். 1957-இல் வந்த கலிஃபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை இதைக் கொட்டிலிலேயே காட்டிவிடும். நான்கு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாகப் பீய்ச்சி, அதே அளவு பரிசோதனைக் கரைசல் ஊற்றி, தட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீர் மாதிரி ஓடும். நோயுள்ள பால் பத்து நொடியில் ஜெல்லி மாதிரித் திரண்டு நடுவில் குவியும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களைக் கரைசல் உடைக்கிறது. அவற்றிலிருந்து வெளிவரும் டிஎன்ஏதான் அந்தப் பிசுபிசுப்பு. ஆரோக்கியமான பகுதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சம் செல்களுக்குக் கீழே இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். மாடு பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இந்தத் தட்டை ஒதுக்கிவைக்காதீர்கள்.

கிருமி உள்ளே போகும் வழி காம்புத் துளை. கறந்து முடித்த பிறகு அது இறுகி மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் வேறு சொல்ல வேண்டியதில்லை. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, தீவனம் போட்டு நிற்க வையுங்கள். கறப்பதற்கு முன் மடி முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரத்தோடு கறந்தால், அழுக்கெல்லாம் வடிந்து காம்பு நுனிக்கே வந்து சேரும். கழுவினால் துடைக்க வேண்டும். எல்லா மாட்டுக்கும் ஒரே துணி என்றால் அந்தத் துணியே நோயைச் சுமந்து போகும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் காம்பின் உட்சுவரைக் காயப்படுத்தும். அடைத்த காம்பில் குச்சியோ ஊசியோ விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மருந்து தொடங்கி இரண்டாம் நாளே பால் தெளிந்தால் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி மடித்திசுவுக்குள் சீழ்க்கட்டி கட்டி ஒளிந்து, பிறகு திரும்பி வரும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். மருந்து போட்ட மாட்டின் பாலை, சொன்ன நாள் வரை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. காய்ச்சினால் போய்விடும் என்பது ஆறுதல் பேச்சு. பல ஆன்டிபயாடிக்குகள் கொதித்தாலும் தங்கும். உறை ஊற்றினால் தோயாமல் நிற்பது அதனால்தான்.

கிடாரிக்கு வயதுக்கு வருமுன் அளவுக்கு மீறி அடர்தீவனம் கொடுப்பவர்களும் உண்டு. மூன்றாம் மாதம் முதல் பருவமடையும் வரை மடி உடம்பைவிட வேகமாக வளர்கிறது. அப்போது கொழுக்க வைத்தால் பால்குழாய் வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு படியும். மடி பெரிதாகத் தெரியும், பால் இருக்காது.

கன்று போடுவதற்கு முன் 45 முதல் 60 நாள் மடிக்கு ஓய்வு தேவை. தேய்ந்த சுரப்புச் செல்கள் போய்ப் புதியவை வருவது அப்போதுதான். பால் வருகிறதே என்று கன்று போடும் வரை கறந்தால் அடுத்த ஈற்றில் பால் குறையும். கறவை நிறுத்திய முதல் இரண்டு வாரமும் கன்று போடும் சமயமும்தான் புதுக் கிருமி தொற்றும் ஆபத்து மிகுந்த நாட்கள். கறக்காத மாடுதானே என்று கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

கன்று போடும் நாள் நெருங்கும்போது மடி பெருத்து நிற்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்று, சூடும் வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் அது நீர்கோத்த வீக்கம், மடிநோய் இல்லை. பாரம் குறையட்டும் என்று முன்கூட்டியே கறந்துவிட்டால் வீணாவது சீம்பால். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் ஒன்றுதான் வழி. பிறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. 24 மணி நேரத்தில் கன்றின் குடல் அந்தப் புரதங்களை உள்ளே விடுவதை நிறுத்திவிடும். அதன் பிறகு எத்தனை லிட்டர் கொடுத்தாலும் வயிறு நிறையும், ரத்தத்தில் சேராது.