கோடை இசை முகாமுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக இசையில் நல்ல தேர்ச்சி உள்ள ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் சில வாரங்கள் தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கும் முகாம்களுக்கு மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். இடங்கள் குறைவாக இருப்பதால் முதலில் பாடியோ வாசித்தோ எடுத்த பதிவை அனுப்பச் சொல்லி, பிறகு நேர்முகத்துக்கு அழைத்து வடிகட்டுவது வழக்கம். போட்டிக்குப் பழக்குவதுபோலவே முகாமுக்கும் பழக்கிவிடுவதுதான், நல்ல ஞானமுள்ள பிள்ளைகள்கூட இதில் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. போட்டி நடுவர் அன்று கேட்ட பாட்டுக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முகாம் ஆசிரியரோ, இந்தப் பிள்ளைக்கு இன்னும் என்னென்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று பார்க்கிறார்.

பள்ளிக் கலைத் திருவிழாவில் சில நிமிடங்களுக்குள் கைதட்டு வாங்க வேண்டியிருப்பதால் பிருகா (ஸ்வரங்கள் வேகமாக உருளும் சங்கதி) நிறைந்த, துரிதமான உருப்படியை (பாடலை) எடுப்பதில் தவறில்லை. அதையே பதிவிலும் பாடவிடுவதுதான் தவறு. தேர்வாளரின் காதுக்கு முதலில் எட்டுவது சுருதி, அடுத்து காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம் மாறாமல் இருப்பது. இரண்டையும் மறைக்க வேகத்தைப்போல வசதியானது வேறில்லை என்பது அவருக்கும் தெரியும். கைத்தாளம் போட்டுக்கொண்டு ஒரு வர்ணத்தை (ஸ்வரமும் சாகித்யமும் கலந்த பயிற்சி உருப்படி) இரண்டு காலத்திலும் (வேகத்திலும்), எடுத்த வேகம் கடைசி வரை ஓடாமலும் இழுக்காமலும் பாடுவது இதைவிடப் பலமான சிபாரிசு. ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 14 அட்சரம் (எண்ணிக்கை) வரும் அட தாள வர்ணமாக இருந்தால், முதல் காலத்தில் நிதானமாக நிற்கத் தெரிகிறதா என்பது பல்லவி முடிவதற்குள் தெரிந்துவிடும். ஆலாபனைக்கும் (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) அப்படித்தான்: தோடி ராகத்தைப் பன்னிரண்டு நிமிடம் ஒப்பிக்கும் பிள்ளையைவிட, மோகனத்தை மூன்று நிமிடம் தானாக யோசித்துப் பாடும் பிள்ளையிடம் சொல்லிக்கொடுப்பதற்கு இடம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கேடு விளைவிப்பது, கற்பனை ஸ்வரத்தை (பாட்டின் ஒரு வரிக்கு அந்த இடத்திலேயே யோசித்துப் பாட வேண்டிய ஸ்வரங்களை) நோட்டில் எழுதிக்கொடுத்து நெட்டுருப் போடவைப்பதுதான். நான்கு ஆவர்த்தன ஸ்வரம், அதன் முடிவில் கணக்காக வந்து விழும் கோர்வை (தாளக் கணக்கோடு கட்டிய முடிப்பு) என்று பதிவு பிரமாதமாக அமைந்துவிடும். நேர்முகத்தில், "அதே வரியை விட்டுவிட்டு அனுபல்லவிக்குப் பாடம்மா" என்று ஒருவர் கேட்டதும், எடுப்பு (தாளத்தில் வரி தொடங்கும் இடம்) மாறிப்போன இடத்தில் பிள்ளை திகைத்து நின்றுவிடும். மதுரை மணி ஐயர் (1912–1968) புகழ்பெற்றதே, சிக்கலான கணக்குக்குள் போகாமல் சர்வலகுவாக (தாளத்தின் இயல்பான ஓட்டத்திலேயே) ஸ்வரங்களைப் பொழிந்ததற்காக. அவருடைய பதிவுகள் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில், அதுவும் அவர் தன் பெயரிலேயே சுமந்த ஊரைச் சேர்ந்த நாம், பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் கோர்வைகளைக் கட்டுவது எனக்கு விளங்குவதில்லை. தினமும் ஏதாவது ஒரு வரியை எடுத்து, அரை ஆவர்த்தனம் ஸ்வரம் பாடி எடுப்பில் சேர்வது, இந்தமுறை காந்தாரத்தில் முடி, அடுத்தமுறை பஞ்சமத்தில் முடி என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல மாற்றுவது என்று கால்மணி நேரம் பழகினால், முதலில் தப்பும் தவறுமாக வந்தாலும் சில மாதங்களில் பயம் விட்டுப்போகும். மிருதங்க மாணவர்களும் தயார் செய்த தனி ஆவர்த்தனத்தை (தாளக் கருவிக்கான தனி வாசிப்பை) மட்டும் நம்பக் கூடாது. முன்பின் கேட்டிராத ஒரு கீர்த்தனைக்கு வாசிக்கச் சொன்னால் சர்வலகுவில் அடக்கமாகப் பின்தொடரத் தெரிய வேண்டும்.

பையன்களுக்குக் குரல் உடையும் பருவம் இது என்பதைப் பெற்றோர் ஏற்க மறுப்பதும் உண்டு. போன வருடம் ஐந்து கட்டை சுருதியில் பாடிப் பரிசு வாங்கிய பையனுக்கு இப்போது இரண்டு கட்டைகூடச் சிரமமாக இருக்கலாம். பழைய சுருதியிலேயே கத்தவைத்தால் தொண்டைதான் கெடும். சுருதியை இறக்கி, மேல் ஸ்தாயியை அதிகம் தொடாத உருப்படியைத் தேர்ந்தெடுத்து, குரல் மாறிக்கொண்டிருப்பதை விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம். பழைய காணொளியை அனுப்புவது, நேரில் போய் நிற்கும்போது பிள்ளையைத்தான் சங்கடத்தில் மாட்டிவிடும்.

பதிவில் நடக்கும் தவறு பெரும்பாலும் செல்போனால் வருவது. அதிலுள்ள இரைச்சல் குறைக்கும் வசதி, விடாமல் ஒலிக்கும் தம்புரா நாதத்தையும் மின்விசிறிச் சத்தம்போலவே நினைத்து அமுக்கிவிடக்கூடும்; கேட்பவருக்குச் சுருதியே இல்லாமல் பாடியதுபோல இருக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு, தம்புராவை வேறொரு கருவியில் வைத்து, பாடுபவரிடமிருந்து நான்கைந்து அடி தள்ளிப் பதிவுசெய்து, முதல் நிமிடத்தைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும். தைத் தெப்பத்தில் தொடங்கிப் பங்குனி வரை ஏதாவது ஒரு தெருவில் ரேடியோ செட் கட்டியிருக்கும் ஊர் நம்முடையது. விடியற்காலையை விட்டால் நல்ல நேரம் கிடைக்காது. வெட்டி ஒட்டுவதும் எதிரொலி சேர்ப்பதும் வேண்டாம்.

விண்ணப்பத்தில் பிள்ளை எழுத வேண்டிய பக்கத்தை அப்பா எழுதுவதை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். "இசையே என் உயிர்மூச்சு" என்பதைவிட, "காபி ராகத்தில் அந்தர காந்தாரம் எங்கே வரலாம் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை" என்று பிள்ளை தன் கையால் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். பொதுத்தேர்வு வருகிறதென்று சாதகத்தை அடியோடு நிறுத்திவிட்டு, முடிந்த மறுநாள் ஐந்து மணி நேரம் பாடவைப்பதும் கூடாது. தேர்வுக் காலத்திலும் தினம் அரைமணி நேரம் போதும், விடாமல் இருந்தால் சரி.

முகாமில் வேறொரு பாடாந்தரம் (அதே பாட்டைப் பாடும் வேறு முறை) சொல்லிக்கொடுப்பார்கள். "எங்க சார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்" என்று பிள்ளை அங்கே வாதாடாமலும், திரும்பி வந்து இங்கே ஆசிரியரைத் திருத்தாமலும் இருக்க, விண்ணப்பிக்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட வேண்டும். பலர் தேர்வான பிறகு இனிப்போடு போய்ச் சொல்கிறார்கள். அது அவரை வருத்தும். மதுரை சத்குரு சங்கீத சமாஜத்தின் கச்சேரிகளுக்குப் பிள்ளையை அழைத்துப்போய், ஒரே கீர்த்தனை வெவ்வேறு பாணிகளில் வருவதைக் கேட்கவைத்தால் இந்த மனப்பக்குவம் முன்கூட்டியே வந்துவிடும்.

இடம் கிடைத்துவிட்டால் கருவியைக் கொண்டுபோகும் விஷயத்தில் கவனம் வேண்டும். வீணையின் மெட்டுகள் (தந்தியை அழுத்தும் குறுக்குப் பட்டைகள்) மெழுகில் பதித்தவை. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு எங்காவது சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் மெழுகு இளகி மேளம் (மெட்டுகளின் வரிசை) கலைந்துவிடும். மிருதங்கத்தின் தோல் வறண்ட வெயிலில் ஒரு சுருதியும் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வேறொரு சுருதியும் பேசும் என்பதால், முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாளே போய்ச்சேர்வது நல்லது. மானாமதுரைக் கடம் கொண்டுபோகிறவர்கள், அதன் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது என்பதால், அங்கே எந்தக் கட்டையில் பாடுவார்கள் என்று முன்னதாகவே கேட்டுக்கொண்டு அதற்கேற்ற கடத்தை எடுத்துப்போக வேண்டும்.