இடது காலிலிருந்து தொடங்குங்கள்: கியர் கார் ஓட்டப் பழகும் முறை

கார் ஓட்டக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஸ்டீயரிங் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வண்டி ஆஃப் ஆகாமலும் குலுங்காமலும் மேட்டில் பின்னால் உருளாமலும் இருக்க வேண்டுமானால், பழக வேண்டியது கிளட்ச் மிதிக்கும் இடது கால்தான். நான் பயிற்சி பெற்ற வண்டியில் பயிற்றுநரின் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருந்தன. பயிற்சிப் பள்ளி வண்டிகளுக்கு அது விதிப்படி தேவையானதே. ஆனால் நான் கிளட்ச்சைத் தவறாக விட்ட ஒவ்வொரு முறையும் அவர் தம் காலால் அதைச் சரிசெய்துகொண்டே வந்ததால், நான் நன்றாக ஓட்டுவதாகவே நம்பியிருந்தேன். உரிமம் பெற்ற பின் திருநெல்வேலி சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஒரு பேருந்து நின்றது; அதன் பின்னால் என் வண்டி நான்கு முறை ஆஃப் ஆயிற்று. மறுநாளே என் சித்தப்பா என்னைக் குளத்தங்கரைக்கு அழைத்துச் சென்று, "ஏல, ஆக்சிலேட்டர மறந்துரு, இடது காலு மட்டும் வேல செய்யட்டும்" என்று சொல்லிக் கற்றுத்தந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டப்படி வேண்டியவை. 18 வயது நிறைந்தவர் பழகுநர் உரிமம் பெறலாம். அது 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். உரிமம் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில், அருகில் அமர்ந்திருக்கவும் வேண்டும். ஹேண்ட் பிரேக் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள வண்டியாக இருந்தால், ஆபத்தில் அவரும் அதை இழுக்கலாம்.

பழகுவதற்கு ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான, இறுகிய தரை வேண்டும். கோடையில் வற்றிய குளத்தின் ஓரத்துக் கட்டாந்தரை நல்ல இடம். திசையன்விளைப் பக்கத்தார் தேரி மணலில் இறங்க வேண்டாம். சக்கரம் புதையும், மீட்கும் முயற்சியில் கிளட்ச்சும் கருகும். தொளதொளவென்ற செருப்பும் வேண்டாம். அது பெடலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். கிளட்ச்சைத் தரை வரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும் அளவுக்கு இருக்கையை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். முதலாவது இடது காலுக்கு. மற்ற இரண்டும் வலது காலுக்கு மட்டுமே.

கிளட்ச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கால் விரைவில் பழகும். என்ஜினோடு சேர்ந்து பிளைவீல் என்னும் கனமான சக்கரம் எந்நேரமும் சுழல்கிறது. கியர் பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் பிளேட் அதன்மேல் அழுந்தினால் சக்கரங்களுக்கு விசை போகும். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். நிற்கும் வண்டியில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்க, சக்கரங்களோ அசைவற்று இருக்கின்றன. பெடலைச் சட்டென்று விட்டால், நிற்கும் சக்கரங்கள் சுழலும் என்ஜினைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. வண்டி ஒரு குலுங்கலோடு ஆஃப் ஆவது இதனால்தான். மெல்ல விட்டால் பிளேட் சிறிது நேரம் வழுக்கி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அந்த வழுக்கும் இடத்தையே நம் ஊரில் ஹாஃப் கிளட்ச் என்கிறோம்.

முதல் நாள் என்ஜினை இயக்காமலே கிளட்ச்சை மிதித்து, கியர் ராடைப் பார்க்காமல் எல்லாக் கியர்களையும் போட்டு எடுங்கள். கை தானாக நியூட்ரலுக்குத் திரும்பும் வரை இதைச் செய்யுங்கள். ரிவர்ஸ் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ராடின் கீழுள்ள வளையத்தைத் தூக்கினால்தான் விழும்.

அடுத்தது சித்தப்பாவின் பாடம். கிளட்ச்சை முழுவதும் மிதித்து, வலது காலைப் பிரேக்கில் வைத்து, என்ஜினை இயக்கி, முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை ஒரு நெல்மணி அகலம், ஒரு நெல்மணி அகலமாக விடுங்கள். ஓரிடத்தில் என்ஜினின் ஒலி கனத்துத் தாழும். ஸ்டீயரிங்கில் மெல்லிய அதிர்வு தெரியும். வண்டி நகரத் தொடங்கும். காலை அங்கேயே இரண்டு மூன்று நொடி நிறுத்தி, பிறகு மிச்சத்தை விடுங்கள். நடைவேகத்தில் சில கெஜம் போனதும் கிளட்ச்சை மிதித்து, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இதை முப்பது முறையாவது செய்ய வேண்டும். அலுப்பாக இருக்கும்; இருந்தாலும் இந்த ஒரு பயிற்சியைக் குறைத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இடத்தைக் கால் அறிந்துகொண்ட பிறகுதான் ஆக்சிலேட்டரை இலேசாகச் சேர்க்க வேண்டும்.

கியர் மாற்றுவது இதைவிட எளிது. ஆக்சிலேட்டரை விடுதல், கிளட்ச்சை மிதித்தல், கியரை மாற்றுதல், கிளட்ச்சை விட்டுக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுத்தல் என்பதே வரிசை. சிறிய கார்களில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது, 30-இல் மூன்றாவது, 45-இல் நான்காவது, 60-ஐ ஒட்டி ஐந்தாவது என்று வைத்துக்கொள்ளலாம். நாளடைவில் முள்ளைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டே மாற்றுவீர்கள். நிறுத்தும்போது முதலில் பிரேக், நிற்கப்போகும் தறுவாயில் கிளட்ச். புதியவர்கள் இதை மாற்றிச் செய்வதால் என்ஜினின் தடுப்பு விசை இல்லாமல் போய், வண்டி நினைத்ததைவிடத் தள்ளிப்போய் நிற்கிறது.

நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் மாலை நேரத்தில் ஊர்ந்து செல்ல நேரும்போது, ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பிளேட் சூடேறிக் கருகும் வாடை வரும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடைவெளி விழும் வரை நியூட்ரலில் பிரேக் பிடித்து நின்று, பிறகு நகருங்கள். ஓடும்போது கிளட்ச்மேல் காலை வைத்தபடி இருப்பதும் பிளேட்டைத் தேய்க்கும்.

மேட்டில் வண்டியை எடுப்பதைக் குளக்கரை ஏற்றத்தில் பழகிக்கொள்ளுங்கள். 1973-இல் திறக்கப்பட்ட அந்த மேம்பாலத்துக்கு அதற்குப் பிறகு, விடியற்காலையில் போகலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைச் சமதளத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, கிளட்ச்சை ஹாஃப் கிளட்ச் இடம் வரை விடுங்கள். வண்டி முன்னே போகத் துடிப்பது தெரியும். அப்போது இரு கால்களையும் அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால், வண்டி ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் ஏறும். பின்வாங்கினால் பதறிக் கிளட்ச்சை விடாமல், பிரேக்கை மிதித்து மீண்டும் தொடங்குங்கள்.

நாற்கரச் சாலைக்குப் போவதற்கு அவசரம் வேண்டாம். போகும் நாளில், பணகுடி, காவல்கிணறு பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். லாரியின் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தில் அது இன்னும் திடீரென்று தெரியும். ஆகவே இடது கையைக் கியர் ராடின்மேல் ஓய்வாக வைத்திருக்கும் பழக்கத்தை அதற்கு முன்பே விட்டிருக்க வேண்டும்.

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறுவது போன்ற மலைப்பாதைகளுக்குப் பல மாதப் பழக்கம் தேவை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவதே பாதுகாப்பு. எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பிரேக் தனியாக முழுப் பாரத்தையும் தாங்கிக் கொதித்துப்போகும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, மேலேறும் சரிவானால் முதல் கியரிலும் கீழிறங்கும் சரிவானால் ரிவர்ஸிலும் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அணை கொடுத்து, தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறும் வரை காத்திருங்கள்.