எழுத்துப் பரீட்சைக்கும் ட்ரயலுக்கும் நடுவில் மூன்று மாதம்

யாழ்ப்பாணம் கோண்டாவில் டிப்போவில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தம்பியின் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் கார் பழக்கினேன். காசு வாங்கவில்லை. சாரதிப் பயிற்சிப் பாடசாலைக்கு அந்தப் பிள்ளைகள் தனியாகப் போனார்கள், போகவும் வேண்டும். அங்கே கிளச், கியர், ரிவேர்ஸ், சிக்னல் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பார்கள். அதெல்லாம் ட்ரயலுக்கு, அதாவது லைசன்ஸுக்காக ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு. றோட்டில் ஆள் சாகாமல் இருப்பதற்கு வேறொரு படிப்பு இருக்கிறது. அதற்கு நிறைய மணித்தியாலமும், பக்கத்தில் பொறுமையான ஓர் ஆளும் வேண்டும்.

எழுத்துப் பரீட்சை சித்தியடைந்து ட்ரயலுக்குப் போக மூன்று மாதம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த மூன்று மாதம் சும்மா போகிறது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஓட விட்டால் தொண்ணூறு நாளில் அறுபத்தேழு மணித்தியாலம் சேரும். நோர்வேயில் இருக்கும் என் தங்கை வீட்டில் பார்த்தேன். அங்கே பதினாறு வயதிலேயே பிள்ளை ஓட்டிப் பழகலாம், லைசன்ஸ் பதினெட்டில்தான். பக்கத்தில் இருப்பவருக்கு இருபத்தைந்து வயதாவது இருக்க வேண்டும், ஐந்து வருடம் விடாமல் லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும். தங்கையின் கணவர் மகனோடு இரண்டு வருடம் இருந்தார், மழையிலும் பனியிலும். பக்கத்து நாடான சுவீடன் 1993இல் பழகும் வயதைப் பதினாறாகக் குறைத்தது. அந்த இரண்டு வருடத்தையும் பயன்படுத்தி நூறு மணித்தியாலத்துக்கு மேல் பழகியவர்கள், பிறகு தனியே ஓட்டும்போது குறைவாகவே விபத்தில் சிக்கினார்கள். நோர்வேயில் வருடத்துக்கு றோட்டில் சாகிறவர்கள் நூறு பேர் அளவில். எங்கள் நாடான இலங்கையில் இரண்டாயிரத்துக்கும் மேல். சனத்தொகை எங்களுடையது நாலு மடங்கு என்று கணக்குப் பார்த்தாலும் அந்த எண் என்னை உறுத்துகிறது. றோட்டும் பொலிஸும் சட்டமும் அதில் சேர்த்திதான், பழக்கம் மட்டும் இல்லை. ஆனால் பழக்கம் எங்கள் கையில் இருக்கிறது.

முதலில் எல் போர்ட். முன்னுக்கும் பின்னுக்கும் கட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் லைசன்ஸ் இருக்கட்டும். இருவரும் சீற் பெல்ற் போடுங்கள். முதல் வாரம் ஞாயிறு விடியப்புறம் முற்றவெளி மைதானத்துப் பக்கம் போனால் போதும். பிறகு ஒழுங்கைகள், அதாவது ஒடுங்கிய சிறு தெருக்கள்.

ஒழுங்கையில்தான் நான் அதிக நாள் செலவழிப்பேன். யாழ்ப்பாணத்தில் ஓடுபவனுக்கு ஒழுங்கை முடக்குத்தான் உண்மையான பரீட்சை. இரண்டு பக்கமும் மதில், அல்லது கிடுகு வேலி. முடக்கில் என்ன வருகிறது என்று தெரியாது. வேலை தொடங்கிய காலத்தில் பருத்தித்துறை வீதியில் நேரம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் போன வான் வாகனத்தில் என் கண் இருந்தது. இடது பக்க ஒழுங்கையால் ஒரு பொடியன் சைக்கிளில் நேரே வந்து ஏறினான். நான் பிரேக்கை மிதித்தேன். சைக்கிளின் முன் றிம் பஸ்ஸின் கீழ் நசுங்கியது. பொடியன் மதகுப் பக்கம் விழுந்து தப்பினான். ஒழுங்கை அங்கே இருப்பது எனக்குத் தெரியும், தினமும் போகிற பாதை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிழை என்னுடையது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் பழகுகிற பிள்ளையை வாயால் சொல்லிக்கொண்டே ஓட வைப்பேன். கண்ணில் படுவது எல்லாவற்றையும், அதற்குத் தான் என்ன செய்யப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தம்பியின் மகள், என் பெறாமகள், முதல் நாள் வெட்கப்பட்டாள். மூன்றாம் நாள் தானாகவே வந்தது: "இடப்பக்கம் ஒழுங்கை பெரியப்பா, ஆக்சிலேற்றரில இருந்து காலை எடுக்கிறன். முன்னுக்கு ஓட்டோ, ஆள் கை காட்டுது, உடனே நிப்பாட்டும். பந்து ஒண்டு உருளுது, பின்னால பிள்ளை வரும்." வாய் நின்றால் கண் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது நான் "பிள்ளை, இப்ப என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்பேன். கத்தக் கூடாது. கத்தினால் பிள்ளை றோட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். இதற்கு நல்ல இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடி காலையில், அல்லது எந்த ரியூசன் விடும் நேரமும். மூன்று சைக்கிள் அருகருகே போகும், நடுவில் இருப்பவன் பின்னால் திரும்பிக் கதைத்துக்கொண்டு போவான். அவனையும் சொல்ல வைக்க வேண்டும்.

வேகத்தை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, காட்ட வேண்டும். ஒரு பேணியில் சுண்ணாம்பும் ஒரு நீளக் கயிறும் எடுத்துக்கொண்டு முற்றவெளிக்குப் போனோம். ஐம்பதில் ஓடினால் ஒரு செக்கனுக்குப் பதினாலு மீற்றர் போகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒரு செக்கன் ஆகிவிடும். பிறகு காய்ந்த நல்ல றோட்டில் நிற்க இன்னொரு பதினாலு. மொத்தம் இருபத்தெட்டு மீற்றரில் ஒரு கோடு போட்டோம். எழுபதில் ஓடினால் கால் போக முன்னமே பத்தொன்பது மீற்றர், நிற்க இருபத்தேழு. நாற்பத்தாறில் இன்னொரு கோடு. இருபத்தெட்டாம் கோட்டில் பெறாமகளை நிற்க விட்டு, "இதில ஒரு ஆடு நிண்டால் ஐம்பதில வந்தவன் முட்டாமல் நிப்பான். எழுபதில வந்தவன் என்ன வேகத்தில இடிப்பான்?" என்று கேட்டேன். இருபது, முப்பது என்றாள். கணக்குப் பார்த்தால் ஐம்பதுக்கும் மேல். அவள் நாற்பத்தாறாம் கோடு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்து காரில் ஏறினாள். கார்த்திகை மழையில் அந்தக் கோடுகள் இன்னும் தூரம் போகும், தேய்ந்த ரயர் என்றால் சொல்லவே வேண்டாம்.

முன் வாகனத்தோடு இடைவெளிக்கு ஒரு கம்பத்தைப் பாருங்கள். அது கடந்ததும் "நூற்றியொன்று, நூற்றியிரண்டு" சொல்லுங்கள். முடிய முன்னம் நீங்கள் கம்பத்தடிக்கு வந்தால் கிட்டப் போய்விட்டீர்கள். மழைக்கு நாலு வரை எண்ண வேண்டும்.

ரயில் கடவை. 2014 ஒக்ரோபரில் கொழும்பு ரயிலான யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது எல்லோரும் சந்தோசப்பட்டோம், நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் கால் நூற்றாண்டு ரயில் இல்லாமல் வளர்ந்த ஊர் இது. தண்டவாளத்தைப் பார்த்தால் நிற்கும் பழக்கம் அற்றுப் போயிருந்தது. ஒழுங்கைகளுக்குள் கேற் இல்லாத கடவைகளும் இருக்கின்றன. பழக்க வேண்டிய முறை இதுதான்: முழுதாக நிற்பாட்டு, பாட்டை நிறுத்து, கண்ணாடியை இறக்கு, இரண்டு பக்கமும் பார், காது கொடு. அந்தப் பக்கம் உன் கார் நிற்க இடம் இருக்கிறதா என்று பார். இருந்தால் மட்டும் முதல் கியரில் போ, தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதே. ஒரு ரயில் போனதும் உடனே எடுக்காதே. பழகும் மூன்று மாதத்தில் ஒரே கடவையை இருபது தரமாவது இப்படிக் கடக்க விடுங்கள்.

மோட்டார் சைக்கிள் பழகுபவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எட்டுப் போடுவதை விட்டுவிட்டு முதலில் ஹெல்மெட் பட்டியைப் பூட்டப் பழகுங்கள். பட்டி தொங்கினால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். சின்னப் பிள்ளையை முன்னுக்கு நிற்க வைக்காதீர்கள், தயவுசெய்து.

கடைசி மாதம் இரவு ஓட்டம், ஏ9 வீதியில் கொடிகாமம் தாண்டி. எதிர் லைற் கண்ணில் அடித்தால் லைற்றைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பார்த்து, காலை எடுக்கச் சொல்லுங்கள். தாரில் மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. அறுவடைக் காலத்தில் நெல்லைக் காயப்போட்டு ஓரத்தில் கல்லும் வைத்திருப்பார்கள். லைற் எட்டும் தூரத்துக்குள் நிற்கக் கூடிய வேகம்தான் இரவின் வேகம்.

அப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்ற இரவோடு இரவாகப் போய், ஏற்றிக்கொண்டு உடனே திரும்புவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். விடியப்புறம் வருகிற நித்திரையை எந்தக் கெட்டிக்காரனும் வென்றதில்லை. கண்ணாடியைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது எல்லாம் உங்களை நீங்களே ஏமாற்றுவது. இரண்டு சாரதி போங்கள், அல்லது அங்கே படுத்துவிட்டு வாருங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எல்லோரும் எப்படியும் நிற்பாட்டுவோம். தேங்காய் அடித்துவிட்டு உடனே எடுக்காமல், சீற்றைச் சாய்த்து இருபது நிமிடம் படுங்கள்.

லைசன்ஸ் கிடைத்த நாளில் பழக்கம் முடிந்துவிடுவதில்லை. தனியே ஓடும் முதல் மாதங்கள்தான் ஆபத்து கூடியவை. எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு மூன்று ஒப்பந்தம் வைத்தோம்: இரவில் தனியே இல்லை, சிநேகிதிகளை நிறைய ஏற்றுவதில்லை, போன் பின் சீற்றில். பெறாமகள் முகம் சுளித்தாள், ஆனால் காப்பாற்றினாள்.

இப்போது இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் தன் மாமியை ஏற்ற கொழும்புக்குப் போனாள், என் தம்பியும் கூடப் போனான். திரும்பி வரும்போது முறிகண்டியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். "பெரியப்பா, கச்சான் வாங்கிப்போட்டு இதில கொஞ்சம் படுக்கிறம். ஒன்பது மணியாகும், எங்களுக்காகச் சாப்பிடாமல் இருக்காதையுங்கோ."