லெதர் சீட்டுக்குத் தண்ணீர் வேண்டாம், நுரை போதும்

கார் லெதர் சீட்டில் சோப்புத் தண்ணீரை நேராகத் தெளிக்காதீர்கள். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று சொட்டு மென்மையான திரவ சோப்பு கலக்கி, மேலே வரும் நுரையை மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் துடையுங்கள். அப்புறம் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை. துடைக்கத் தொடங்கும் முன்பே தையல் ஓரங்களில் வேக்குவம் போட்டுவிட வேண்டும்; மணல் இருந்தால் துணியே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும்.

பெரும்பாலான கார் லெதரின் மேல் பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய பூச்சு இருக்கிறது. வியர்வையும் தூசியும் அதன் மேலேயே படிவதால் நுரைக்கே வந்துவிடும். தண்ணீர் அதிகமானால் தையல் வழியாகவும் காற்றுத் துளைகள் வழியாகவும் உள்ளே இறங்கி, ஃபோமில் தங்கி நாற்றமெடுக்கும். டிரைவர் சீட்டில் நாம் உரசி ஏறி இறங்கும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே தெரியும் பளபளப்பு பெரும்பாலும் உடம்பு எண்ணெயும் அழுக்கும்தான். துடைத்ததும் மங்கலானால் நல்லது. தேங்காய் எண்ணெய் பூசுவது வேண்டவே வேண்டாம். பூச்சுக்குள் இறங்காமல் பிசுபிசுத்துத் தூசியைத்தான் இழுக்கும்.

ஸ்வேட் (மெல்லிய ரோமம் போன்ற மேற்பரப்புள்ள தோல்), அல்காண்டாரா (ஸ்வேட் மாதிரியான செயற்கைத் துணி), பூச்சில்லாத அனிலின் லெதருக்கு இந்த முறை சரிவராது. சந்தேகமிருந்தால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு இல்லை. பூச்சு ஏற்கெனவே வெடித்திருக்கும் இடத்திலும் தேய்க்காதீர்கள், உரிந்து வரும்.