ரோ கோப்பு திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கல்யாண வீடு, கோயில் தேர், பனிமூட்டத்தில் தேயிலை மலை என்று எல்லாவற்றையும் ரோவில் (கமரா பதிந்ததை ஜேபெக்காக மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் மூலக் கோப்பு) எடுக்கும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். கமரா கொஞ்சம் புதிது, லெப்டொப் அண்ணனிடமிருந்து வந்தது, அதில் கிடக்கும் மென்பொருள் அதைவிடப் பழையது. சிக்கல் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையில்தான். "ஃபைல் பழுதாப் போச்சு" என்று கொண்டுவரப்படும் படங்களில் பல, பழுதானவையே அல்ல. அதனால் எதையும் அழிக்காமல், கார்டை ஃபோர்மட் பண்ணாமல், கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

1. முதலில் ஒரு நகல்

கார்டிலிருந்தே நேராகப் படத்தைத் திறந்து வேலை செய்ய வேண்டாம். முழு ஃபோல்டரையும் கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். 'கட்' பண்ணி ஒட்டுவது வேண்டவே வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றாகிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிமழை வரும் ஊர் நம்முடையது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கொம்பியூட்டர் என்றால் கொப்பி பண்ணும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் கோப்பின் அளவைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கமராவின் ரோ பெரும்பாலும் 20 எம்பிக்கு மேல் இருக்கும். ஒன்று மட்டும் 0 என்றோ சில கேபி என்றோ காட்டினால் அது முழுதாக வந்து சேரவில்லை. கார்டில் உள்ளதன் அளவோடு ஒப்பிட்டு, வேறு கார்ட் ரீடர், வேறு யூஎஸ்பி துளை என்று மாற்றி மறுபடி கொப்பி பண்ணுங்கள். இந்த ஒரு படியிலேயே ஆறுதல் கிடைப்பவர்கள் உண்டு.

2. பழுது கோப்பிலா, மென்பொருளிலா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அது செல்லாது. அதே கமராவில் வேறு வேறு நாட்களில் எடுத்த நாலைந்து ரோக்களைத் திறந்து பாருங்கள். எதுவுமே திறக்காவிட்டால் குற்றவாளி மென்பொருள். ஒன்றிரண்டு மட்டும் அடம்பிடித்தால் அந்தக் கோப்புகளில்தான் கோளாறு.

விண்டோஸ் ஃபோல்டரில் சின்னப் படம் தெரியாமல் வெறும் ஐகன் மட்டும் நின்றால் பதற வேண்டாம். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் 'ரோ இமேஜ் எக்ஸ்டென்ஷன்' இலவசமாகக் கிடைக்கிறது. போட்டால் பல கமராக்களின் கோப்புகள் தெரியத் தொடங்கும். அது பார்ப்பதற்கு மட்டும்தான்.

3. மென்பொருள் பழையது என்றால்

ரோ என்பது ஒரே வகைக் கோப்பு அல்ல. கெனனுக்கு சிஆர்2, சிஆர்3, நிக்கோனுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு புது மொடலுக்கும் உள்ளே ஏதாவது மாறும். கெனன் சிஆர்3 வடிவம் 2018இல் எம்50 கமராவோடு வந்தது. அடோபியின் படம் திருத்தும் மென்பொருளில், ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடிந்த லைட்ரூம் 6க்கு அப்டேட் வருவது 2017 கடைசியோடு நின்றுவிட்டது. எம்50 எடுத்த படத்தை அந்த லைட்ரூம் திறக்காததில் வியப்பில்லை. எத்தனை தடவை அழித்து மறுபடி போட்டாலும் திறக்காது. கோப்பின் பெயரை ஜேபெக் என்று மாற்றிப் பார்ப்பதும் வீண். பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

வழி இரண்டு. பழைய லைட்ரூமையே வைத்திருக்க விரும்பினால் அடோபி தரும் இலவச டிஎன்ஜி கொன்வேர்ட்டரைப் போடுங்கள். அது ரோவை டிஎன்ஜியாக, அதாவது பழைய லைட்ரூமும் திறக்கக்கூடிய அடோபியின் பொதுவான ரோ வடிவமாக, மாற்றித் தரும். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் உண்டு: ஃபோல்டரைத் தெரிவு செய்யும் பெட்டியில் படங்கள் தெரியாது. "உள்ளே ஒன்றுமில்லையே" என்று குழம்பாமல் ஃபோல்டரை மட்டும் தெரிவு செய்தால் போதும். விருப்பங்களில், உங்கள் பழைய பதிப்புக்குப் பொருந்தும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். 'லொசி' என்ற, தரத்தை இழந்து அளவைச் சுருக்கும் முறையைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகும் மூல ரோவை அழிக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, ரோவைத் திறந்து திருத்தும் டார்க்டேபிள் அல்லது ரோதெராபி மென்பொருள். இரண்டும் இலவசம். எனக்குக் கேட்டால் காசில்லாதவர் திருட்டு மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட இதுவே மேல். சிஆர்3 வேண்டுமென்றால் 2021இல் வந்த டார்க்டேபிள் 3.8 அல்லது அதற்குப் பிந்தியது தேவை. கிம்ப் என்ற இலவசப் படம் திருத்தும் மென்பொருள் தனியாக ரோவைத் திறக்காது. இந்த இரண்டில் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் திறக்கும்.

4. "முதலில் அழகாகத் தெரிந்தது, திறந்ததும் மங்கிப் போச்சு"

அதிகம் வரும் புகார் இதுதான். இதில் பழுது எதுவுமில்லை. கமரா ஒவ்வொரு ரோவுக்குள்ளும் தானே மெருகேற்றிய ஒரு ஜேபெக்கை ஒளித்து வைக்கிறது. முதலில் கண்ணில் படுவது அது. ஒரு நொடி கழித்து மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டு உண்மையான ரோவைக் காட்டும். நிறமும் கூர்மையும் சேர்க்கப்படாத பச்சைச் சரக்கு. ஆனால் அதற்குள் சரக்கு நிறைய. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்; 14 பிட் ரோவில் 16,384.

காலைப் பனியில் கொழுந்து மலையை எடுத்தீர்கள் என்று வையுங்கள். கமரா எதையும் நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் போடும். வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாகும், பச்சை நீலம் பாய்ந்து நிற்கும். முதலில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தை, அரை ஸ்டொப்பிலிருந்து ஒரு ஸ்டொப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம்) மலை வலப்பக்கம் நகரட்டும். வலது ஓரத்தில் முட்டக் கூடாது. அடுத்து வைட் பேலன்ஸை 6,500 கெல்வின் பக்கம் கொண்டுபோனால் நீலம் வடியும். முழுக்க வடித்துவிடாதீர்கள், கொஞ்சம் நீலம் இருந்தால்தான் குளிர் தெரியும். கொன்ட்ராஸ்ட் கடைசியில், கை அடக்கி. கமரா காட்டிய தோற்றமே வேண்டுமென்றால் ரோதெராபியில் 'ஓட்டோ மெட்ச்ட்' வளைவு இருக்கிறது. ஒளிந்திருக்கும் ஜேபெக்கைப் பார்த்து அதற்கு நெருக்கமாக ஒளியைச் சரிசெய்து தரும்.

5. பாதிப் படம் சாம்பல், ஊதாக் கோடுகள்

இது நிஜமான பழுது. கார்டில் உள்ள மூலம் நன்றாக இருந்தால் மறுபடி கொப்பி. மூலமே போயிருந்தால் ரோவைத் திருத்த முடிவது அபூர்வம். உள்ளே இருக்கும் ஜேபெக் தப்பியிருக்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அதை வெளியே எடுக்கலாம். கல்யாணப் படமென்றால் அதாவது மிஞ்சும்.

கார்டைத் தவறுதலாக ஃபோர்மட் பண்ணிவிட்டால் அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற கருவி கொண்டு தேடி, கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்பி வராது, படம் வந்தால் சரி.

6. மென்பொருள் தொங்கினால், திருத்தம் காணாமல் போனால்

படத்தைத் திறந்ததும் டார்க்டேபிள் மூடிக்கொண்டால், கிராஃபிக்ஸ் கார்டை வேலைக்கு இழுக்கும் ஓப்பன்சிஎல்லை அமைப்புகளில் நிறுத்திப் பாருங்கள். ஃபோட்டோஷொப் என்றால் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் புரொசெசர் தெரிவை எடுத்துவிடுங்கள். வேகம் குறையும், ஆனால் பாதியில் மூடிக்கொள்வது நிற்கும். பிறகு ஆறுதலாக கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கலாம். சி டிரைவ் நிரம்பி வழிகிறதா என்பதையும் பாருங்கள்.

செய்த திருத்தம் ரோவுக்குள் எழுதப்படுவதில்லை. டார்க்டேபிள் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பையும், ரோதெராபி ஒரு பிபி3 கோப்பையும் வைக்கும். "இது என்ன குப்பை" என்று அழித்துவிட்டு, படத்தை மட்டும் வேறு கொம்பியூட்டருக்குக் கொண்டுபோனால் வேலையெல்லாம் போன மாதிரித்தான். படத்தையும் அந்தப் பக்கக் கோப்பையும் சேர்த்தே நகர்த்துங்கள். ஸ்டூடியோவுக்கு பிரிண்ட் கொடுக்க எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஜேபெக்காக எடுத்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அல்லாமல் டொக்யுமென்ட்டாக அனுப்புங்கள்.