பழைய நிரலை நீக்கும் முன்

மலையகத்தில் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் தட்டச்சு செய்யப்பட்ட பழைய ஆவணங்கள் பல இன்னும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அவற்றை இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் திறந்த மூல நிரலொன்றை நீங்கள் பராமரிக்கிறீர்கள் என்றால், அதன் பழைய பகுதியை ஒரே நாளில் அழித்துவிடாதீர்கள். அதை எவர் எங்கே பயன்படுத்துகிறார் என்பதை அறிய உங்களுக்கு வழியில்லை.

முதலில், தீர்க்கப்படாத வழு (பிழை) அறிக்கைகளை வாசியுங்கள். மாற்றிய கோப்பில் "கொழுந்து" என்று தேடினால் கிடைக்கவில்லை, சொல்லோ கண்முன்னே இருக்கிறது என்று ஹட்டனிலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எனக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று அதை மூடிவிடுவது பெருந்தவறு. பாமினியில் கொம்பு (ெ) எழுத்துக்கு முன்னால் தட்டப்படும். யூனிகோடிலோ அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். பழைய நிரல் கொம்பை மட்டும் இடம்மாற்றி, அரவு (ா) குறியைத் தனியே விட்டிருந்தால், "கொ" என்பது ககரம், கொம்பு, அரவு என மூன்று குறியீடுகளாக நிற்கும். தேடுபவர் தட்டுவதோ ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே. திரையில் வேறுபாடு தெரியாது. இவ்விரு வடிவங்களும் சமமானவை என்று யூனிகோட் வரையறுத்திருப்பதால், சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி (NFC) இயல்பாக்கம் செய்தாலே இந்த வழு தீரும்.

ஆனால் திருத்தும் முன், அந்த ஒரு சொல்லை வைத்து, இப்போது தோல்வியடையும் சோதனையொன்றை எழுதுங்கள். மூலக் கோப்பைக் கேட்கும்போது கவனம் தேவை: தொழிலாளர் பெயர்களும் சேமலாப நிதி இலக்கங்களும் அதில் இருக்கலாம் என்பதால், ஒரு வரி மாதிரியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். முன்பு சரியாக இயங்கியது எனில், எந்த மாற்றத்தில் கெட்டது என்பதை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் பைசெக்ட் (bisect) கட்டளை காட்டிவிடும்.

அதன் பிறகே நீக்கம். பழைய செயற்கூறு அழைக்கப்படும்போதெல்லாம், அதற்கு மாற்று எது, எந்தப் பதிப்பில் பழையது எடுக்கப்படும் என்ற எச்சரிக்கை வரட்டும். நீக்கத்தை அடுத்த பெரும் பதிப்பு வரை தள்ளிவையுங்கள். அவகாசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பைத்தான் நிரல்மொழியின் 2.7 பதிப்புக்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்து, பலர் மாறியிராததால் 2020 வரை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் தரும் அவகாசம் முடியும்வரை பழைய பகுதியில் பாதுகாப்பு வழுக்களை மட்டுமாவது திருத்துங்கள்.

நீக்கும் நாளில், கடைசிப் பதிப்புக்குக் கிட்டில் ஓர் அடையாளம் இடுங்கள். பழைய பகுதியைச் சார்ந்த அறிக்கைகளை மொத்தமாக மூடாமல், ஒவ்வொன்றையும் புதிய நிரலில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் தலைகாட்டுபவை திறந்தே இருக்கட்டும், மற்றவற்றைக் காரணம் எழுதி மூடுங்கள். நிரல் போனாலும் "கொழுந்து" சோதனையை நீக்காதீர்கள். புதிய நிரலும் அதில் தேற வேண்டும்.